கோபத்துக்கு மறுபதிப்பு உண்டா?

மனிதனுடைய உணர்ச்சிகளில் மிகச் சீக்கிரம் அழிந்து போவது கோபம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்பு கடிதமாகிறது; பெட்டிக்குள் இருந்து பேரப்பிள்ளைகள் கைக்கு வருகிறது. பக்தி கோயிலாகிறது. பேராசை கூட வீடும் நிலமுமாக எழுந்து நின்று மூன்று தலைமுறைக்குப் பேசுகிறது. கோபம் மட்டும் எரிந்த இடத்திலேயே சாம்பலாகிறது. போன வருஷத்துக் கோபத்தை இன்று எடுத்துப் பார்த்தால், அதற்குச் சொந்தக்காரனுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பாட்டாகிவிட்ட கோபம் அவ்வளவு எளிதில் சாவதில்லை. அந்தப் பாட்டு இசைத்தட்டிலும் பதிந்துவிட்டதென்றால், பாடியவர் மண்ணோடு மண்ணான பிறகும் ஊசியை வைத்த மாத்திரத்தில் எழுந்து நின்று கத்துகிறது. இந்தக் காலத்தில் பழைய இசைத்தட்டுக்களைத் தேடி எடுத்து, தூசி தட்டி, அதே பழைய உறையோடும் புதிய விலையோடும் மறுபடியும் அச்சடித்து விற்கிறார்கள். நாமும் ஆசையோடு வாங்குகிறோம். காதல் பாட்டானால் கேள்வி இல்லை. காதலுக்கு வயது கிடையாது. ஆனால் கோபத்தில் பிறந்த பாட்டை இப்படி வாங்கி வைக்கிறோமே, நாம் வாங்குவது அந்தக் கோபத்தையா, அல்லது அதைப் போலச் செய்த ஒரு பொம்மையையா?

இந்தக் கேள்வி எனக்குப் பெரம்பலூரில் பிறந்தது, அரியலூரில் வளர்ந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர்தான் தூரம். கேள்விக்கு அது போதுமானதாக இருந்தது.

பெரம்பலூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நாடகப் பாட்டென்றால் சாப்பாட்டை மறந்து விடுவார். அவருடைய மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன், கூடவே ஓர் இசைத்தட்டு இயந்திரத்தையும் கொண்டு வந்திருந்தான். நானும் அன்று அந்த வீட்டில் இருந்தேன். பளபளவென்று கறுத்த பன்னிரண்டு அங்குலத் தட்டு ஒன்றை, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற பக்குவத்தோடு வைத்து, ஊசியை இறக்கினான்.

பாட்டு என்றா அதைச் சொல்வது? தகரக் கூரை மேல் கல்மழை பொழிந்த மாதிரி முரசு. அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்தும் ஒரு பையனின் குரல். என்ன நடக்கிறது என்று நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது.

நண்பர் காதைப் பொத்திக் கொண்டார். "இதுவும் பாட்டாடா?" என்றார்.

"பாட்டுதாம்பா" என்றான் மகன், கொஞ்சமும் கோபிக்காமல். "சுந்தராம்பாள் பாடின சுதேசிப் பாட்டு உங்க காதுக்குத் தேனா இருக்கு. அன்னிக்குக் கலெக்டர் துரை காதுக்கு எப்படி இருந்திருக்கும்? இப்படித்தான் இருந்திருக்கும்!"

நண்பர் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு அவரிடம் பதில் இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தட்டின் கதையைப் பையனே சொன்னான். பிறகு நானும் விசாரித்துத் தெரிந்து கொண்டேன். 1980ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் பள்ளிப் பருவத்துப் பையன்கள் சிலர் 'டீன் ஐடில்ஸ்' என்ற பெயரில் ஒரு வாத்தியக் கோஷ்டி வைத்திருந்தார்கள். 'பங்க்' என்கிற முரட்டு இசையை இன்னும் வேகமாக்கி, இன்னும் சுருக்கி, 'ஹார்ட்கோர்' என்ற பெயர் பெற்ற வகை அவர்களுடையது. ஒரே வருஷத்தில் கோஷ்டி கலைந்தது. கச்சேரிகளில் சேர்ந்திருந்த பணம் சுமார் அறுநூறு டாலர். அதைப் பங்கு போட்டுக் கொள்ளாமல், தங்கள் பாட்டுக்கள் எட்டை ஓர் ஏழு அங்குலத் தட்டாக ஆயிரம் பிரதிகள் போட்டார்கள். அதற்காகவே 'டிஸ்கார்ட்' என்ற பெயரில் ஒரு கம்பெனி. உறைகளைத் தாங்களே கத்தரித்து, மடித்து, பசை போட்டு ஒட்டினார்கள். 1984ல் அந்தக் கம்பெனி தன் பழைய சிறு தட்டுக்கள் நான்கைச் சேர்த்து ஒரே பெரிய தட்டாக மறுபதிப்புச் செய்தது. பையன் வைத்திருந்தது அதுதான். பையன்கள் கையால் ஒட்டிய அந்த முதல் பதிப்பை இன்று சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

அந்த முதல் தட்டின் உறையில் குறுக்காக வைத்த இரண்டு கைகள் இருக்கும். இரண்டு புறங்கையிலும் மையால் ஒரு பெருக்கல் குறி. மது விற்கும் அரங்குகளில் வயது வராத பிள்ளைகளை உள்ளே விடும்போது, 'இவனுக்குக் குடிக்கக் கொடுக்காதே' என்பதற்காகப் போடும் அடையாளம் அது. வாசற்காவலன் போட்ட குறியை இவர்கள் கொடியாக்கிக் கொண்டார்கள். "நீ கொடுக்காவிட்டால் என்ன, எனக்கே வேண்டாம்" என்று சொல்லும் வீம்பு. அடுத்த வருஷம், அதே கோஷ்டியிலிருந்து வந்த இருவர் சேர்ந்த 'மைனர் த்ரெட்' என்ற புதிய கோஷ்டி, குடியும் போதை மருந்தும் எனக்கு வேண்டாம் என்று ஒரு பாட்டுப் போட்டது. ஒரு நிமிஷம் கூட ஓடாத அந்தப் பாட்டின் பெயரே, 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்று, பல தேசத்து இளைஞர்களின் மதுவிலக்கு விரதத்துக்குப் பெயராகிவிட்டது.

இதைக் கேட்டதும் நண்பர் முகத்தில் ஒரு மாறுதல் தெரிந்தது. "அட, கள்ளுக்கடை மறியல் பாட்டா!" என்றார்.

அவர் சொன்னது சரி. நம்முடைய இசைத்தட்டுக்களும் ஒரு காலத்தில் அந்த வேலையைத்தான் செய்தன. செங்கோட்டை கிட்டப்பா 1906ல் பிறந்து 1933ல், இருபத்தேழே வயதில் மறைந்தார். கொடுமுடி சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தார். அவர்களும் அவர்களைப் போன்ற நாடகக் கலைஞர்களும் வள்ளி திருமணத்துக்கு நடுவே கதரைப் பாடினார்கள், காந்தியைப் பாடினார்கள், கள்ளின் கேட்டைப் பாடினார்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். விசுவநாததாஸ் மேடையில் பறக்கும் கொக்கைப் பற்றிப் பாடுவார். வெள்ளைக் கொக்கு யார் என்பது குழந்தைக்கும் தெரியும். வாசலில் நின்ற போலீஸ்காரனுக்கும் தெரியும். சிறைக்குப் போவார், திரும்பி வருவார், மேடையேறிப் பழையபடியே பாடுவார். 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னையில் முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் விட்டார். தட்டும் ஊசியும் இல்லாமல், தன் உடம்பையே இயந்திரமாக்கி அந்தப் பாட்டை அவர் எத்தனை முறை மறுபதிப்புச் செய்தார் என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்?

இசைத்தட்டின் மறுபதிப்பு வேறு விதமானது. மெழுகில் கீறிய குரலை உலோகத்தில் படியெடுத்து, அந்த உலோகத்தால் அரக்கில் அழுத்தி எடுத்தவை அந்தக் காலத்துத் தட்டுக்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம். மூல உலோகம் காணாமற் போயிருந்தால், எங்கோ பரணில் தப்பிக் கிடக்கும் ஒரு தட்டைக் கழுவித் துடைத்து, ஓட வைத்து, அதிலிருந்துதான் மறுபடி பதிவு செய்ய வேண்டும். இரைச்சலை நீக்க வேண்டும். அளவோடு நீக்கினால் குரல் தெளியும்; ஆசை மிகுந்து நீக்கினால் இரைச்சலோடு பாடியவரின் மூச்சும் போய்விடும். சுற்றும் வேகம் சற்று ஏறினால் சுருதியே மாறிவிடும். இவ்வளவையும் பார்த்துச் செய்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் கிட்டப்பா நமக்கு வெறும் பெயராகத்தான் இருந்திருப்பார்.

விலையைப் பற்றியும் குறை சொல்கிறார்கள். ஏழைக்காகப் பாடிய பாட்டை ஆயிரக்கணக்கான ரூபாய் விலையில் விற்பது நியாயமா என்று கேட்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்திலும் இசைத்தட்டு ஏழை வாங்குகிற பொருளாக இருக்கவில்லை. ஒருவர் வாங்கினார், நூறு பேர் வாசலில் நின்று கேட்டார்கள். இன்றைக்கும் ஒருவர்தான் வாங்குகிறார். ஆனால் வாசலில் யாரும் இல்லை. வாங்கியவரே தேய்ந்துவிடும் என்று பயந்து அலமாரியில் பூட்டி வைக்கிறார். பெரம்பலூர்ப் பையன் கூடத் தன் தட்டை வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் ஓட்டுவதில்லை என்று பெருமையாகச் சொன்னான்.

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம். வயது சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டு. அரியலூரும் அதன் சுற்றுப்புறமும் கடலாக இருந்த காலத்து மரம். அதைக் குனிந்து பார்த்தால் மரத்தின் நார் தெரிகிறது, கணு தெரிகிறது. மரத்தின் வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மரமாக இருந்த அணு ஒவ்வொன்றும் போய், அந்த இடத்தில் கல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபதிப்பான கோபமும் இப்படித்தான் ஆகிவிடுமோ என்று அந்த மரத்தடியில், மரத்தடி என்று சொல்ல முடியுமானால், நின்றபோது நினைத்தேன்.

நண்பரின் தாய்மாமன் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வயது எண்பத்தைந்துக்கு மேல். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகிற சாலையோரத்து வீடு. திண்ணையெல்லாம் வெள்ளைத் தூசி. நாங்கள் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். பேச்சுவாக்கில் நண்பர் மறுபதிப்புச் சங்கதியைச் சொன்னார். பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சந்தையிலே வெத்தலைக் கடைக்காரரு ஒருத்தரு பொட்டியை வச்சு ஓட்டுவாரு, தம்பி. ஒரு பக்கம் ஓடி முடிஞ்சதும் ஊசியைக் கழட்டிக் கீழே போட்டுட்டுப் புது ஊசி மாட்டுவாரு. அந்தப் பழைய ஊசியைப் பொறுக்கறதுக்கு எங்களுக்குள்ளே அடிதடி நடக்கும்!"

பிறகு, நாங்கள் கேட்காமலே, கள்ளைப் பற்றிய ஒரு பாட்டை எடுத்தார். இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடி நினைவுக்கு வரவில்லை. இரண்டாவது அடியையே திருப்பித் திருப்பிப் பாடிவிட்டு நிறுத்திக் கொண்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அவருடைய மூத்த மகன் நாற்பது சொச்சம் வயதில் குடித்துக் குடித்தே செத்துப் போனவன் என்பது எனக்கு முன்பே தெரியும். பெரியவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்:

"அந்தப் பிளேட்டையெல்லாம் இப்போ திரும்பப் போடறாங்கன்னு சொன்னியே, மாப்பிள்ளே. என்னாத்துக்கு?"

"ஒரு ஞாபகத்துக்குத்தான், மாமா."

"ஞாபகம் யாருக்கு இல்லே?" என்றார் அவர்.

இந்தக் கேள்விக்கு முன்னால், இரைச்சலை நீக்குவது சரியா, விலை வைப்பது சரியா என்கிற வாதங்களெல்லாம் சிறியவையாகிவிட்டன. 'என்னாத்துக்கு?' கோபத்தில் பிறந்த ஒரு பாட்டை மறுபடி அச்சடிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்தக் கோபத்தின் காரணம் தீர்ந்துவிட்டதா, தீரவில்லையா? தீர்ந்திருந்தால் அந்தத் தட்டு சரித்திரம். வணங்கி, அலமாரியில் வைக்கலாம். வெள்ளைக் கொக்கு 1947லேயே பறந்து போய்விட்டது; அந்தப் பாட்டை நாம் நிம்மதியாக ரசிக்கலாம். அதைப் பாடியவர் விரும்பியதும் அந்த நிம்மதியைத்தான். ஆனால் காரணம் தீராமலிருக்கும்போதே பாட்டை மட்டும் சரித்திரமாக்கி உறையிலிட்டால், அது மரியாதையின் பெயரால் வாயை மூடுகிற காரியம்.

கள்ளின் கதையைப் பாருங்கள். 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. 1948ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. பாட்டு ஜெயித்துவிட்டது என்று பாடியவர்கள் நினைத்திருப்பார்கள். 1971ல் விலக்குத் தளர்ந்தது. இடையில் வந்தது, போனது. 1983ல் அரசாங்கமே மது வாணிபக் கழகம் ஆரம்பித்தது. 2003ல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக் கொண்டது. மதுவிலக்குத்தான் சரியான வழியா, அதனால் கள்ளச் சாராயம் பெருகாதா என்பதெல்லாம் யோசிக்க வேண்டிய விஷயங்கள். யோசிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் அரியலூர்ப் பெரியவரின் பாட்டில் மறந்து போன மூன்றாவது அடிக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதை எந்தப் பக்கத்தாரும் மறுக்க மாட்டார்கள்.

அந்த வேலையை ஒருவர் செய்தபோது என்ன நடந்தது? 2015ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தாய் மாவட்டமான திருச்சியில், மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவனைப் போலீசார் கைது செய்தார்கள். அரசின் மதுக்கடைகளை மூடச் சொல்லி அவர் பாடிய பாட்டுக்களே காரணம். அவர் மீது போட்ட பிரிவுகளில் ஒன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124 ஏ. அதாவது ராஜத் துரோகம். 1908ல் வ.உ.சி. மீதும், 1922ல் காந்தி மீதும் பாய்ந்த அதே பிரிவு. கோவனுக்கு அடுத்த மாதம் ஜாமீன் கிடைத்தது. அந்தப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2022ல் நிறுத்தி வைத்தது. அந்தத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலையில் விலகிப் புதுச் சட்டம் வந்தது.

அவருடைய அரசியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலிருக்கலாம். அவர் பாட்டின் நயமும் உங்களுக்குப் பிடிக்காமலிருக்கலாம். நான் கேட்பது வேறு. அதே மாதத்தில் நம் வீடுகளில் எத்தனை பேர் பழைய சுதேசிப் பாட்டுக்களைக் குறுந்தட்டில் போட்டுக் கண் கலங்கிக் கொண்டிருந்தோம்? செத்துப் போனவர்களின் கோபம் நமக்கு இனிக்கிறது. அது நம்மை ஒன்றும் செய்யாது. உயிரோடிருப்பவனின் கோபம் நம் வாசலுக்கு வந்து நிற்கிறது; நம்மிடம் எதையோ கேட்கிறது. அதனால் அது இரைச்சலாகக் கேட்கிறது. பெரம்பலூர்ப் பையன் தன் அப்பாவிடம் சொன்ன வார்த்தையின் முழு அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

"அதற்காக மனிதன் எப்போதும் கோபமாகவே இருக்க முடியுமா? பாட்டைப் பாட்டாக ரசிக்கக் கூடாதா?" என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கோபமே ஒரு நற்குணம் என்று நான் சொல்ல வரவில்லை. அநியாயமான கோபத்துக்கும் பாட்டு உண்டு. அதற்கும் தாளம் போட ஆள் உண்டு. ரசிப்பதும் குற்றமில்லை. ரசிக்காவிட்டால் பாட்டு நிலைத்திருக்குமா? கண்ணகியின் கோபத்தை இளங்கோவடிகள் காவியமாக்காவிட்டால் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நாம் அவளுக்கு 1968ல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தோம். 2001ல் எடுத்தோம், 2006ல் மறுபடி வைத்தோம். சிலை இருக்கட்டும். ஆனால் தீர விசாரியாமல் தண்டிக்கிற வழக்கம் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறதா என்று அந்தச் சிலையைப் பார்க்கிறவன் ஒரு முறையாவது கேட்டுக் கொள்ள வேண்டாமா? கேட்டுக் கொண்டால் அது கண்ணகி. கேட்காவிட்டால் வெறும் வெண்கலம்.

வாஷிங்டன் பையன்கள் இந்த விஷயத்தில் ஒரு புத்திசாலித்தனம் செய்திருக்கிறார்கள். தங்கள் பாட்டின் உரிமையை வேறு கம்பெனிக்கு விற்கவில்லை. பழைய தட்டுக்கள் அபூர்வமாகி விலை ஏறட்டும் என்று காத்திருக்கவுமில்லை. நாலே வருஷத்தில் தாங்களே மறுபதிப்புப் போட்டார்கள். கேட்க விரும்புகிறவன் கைக்குப் பாட்டு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. நம்முடைய பழைய தட்டுக்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. நமது சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அறுபது ஆண்டுகளுக்குத்தான். 1930களில் பதிவான பாட்டுக்கள் இன்று எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. உங்களுக்கும் எனக்கும் அரியலூர்ப் பெரியவருக்கும் சொந்தம். சொந்தமானவர்களுக்குப் பொறுப்பும் உண்டு. பெரியவருக்கு மறந்து போன மூன்றாவது அடியைத் தட்டுத்தான் நினைவுபடுத்த முடியும். தட்டுக்குத் தெரியாத ஒன்றை, அந்தப் பாட்டு ஏன் இன்னும் தேவைப்படுகிறது என்பதை, பெரியவர்தான் சொல்ல முடியும். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால்தான் அது மறுபதிப்பு.

ஆகவே, வாங்குங்கள் என்றே சொல்வேன். காசு இருப்பவர்கள் வாங்கட்டும். ஆனால் பூட்டி வைக்க வேண்டாம். தேய்ந்தால் தேயட்டும், தேய்வதற்காகத்தான் ஊசி இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். தெருவில் போகிற பையன் நின்று கேட்டால் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாட்டு முடிந்ததும், "இவர்கள் எதற்காகக் கோபப்பட்டார்கள்? அது தீர்ந்துவிட்டதா?" என்று அவனோடு சேர்ந்து யோசியுங்கள். தீர்ந்துவிட்டது என்று தோன்றினால் சந்தோஷமாக அடுத்த பக்கத்தைத் திருப்பிப் போடலாம். தீரவில்லை என்று தோன்றினால், அந்தப் பையன் நாளைக்கு வேறொரு பாட்டோடு உங்கள் வாசலில் வந்து நிற்கக்கூடும். அது உங்கள் காதுக்கு இனிமையாக இருக்காது. அப்போதும் ஜன்னலைச் சாத்தாமலிருக்க முடிகிறதா என்பதில்தான், நாம் வாங்கியது கோபமா பொம்மையா என்பது தெரியும்.